விண்படகு ராணிக்குக் கொடும்பாவி

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் 'அகில உலக விண்படகு ரசிகர் பேரவை, தலைமையகம்' என்று போர்டு தொங்கும். அகில உலகம் என்றால் அரியலூரும் பெரம்பலூரும்தான். அந்த இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அரசாங்கம் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கியபோது பேரவை இரண்டாக உடைந்து இரண்டு மாவட்டத் தலைவர்கள் வந்தார்கள். அடுத்த வருஷமே அரசாங்கம் மனசு மாறி, மாவட்டத்தைப் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. மாவட்டத்தைக் கலைக்கத்தான் அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, மாவட்டத் தலைவரைக் கலைக்க எவனுக்கும் அதிகாரம் இல்லை என்று அரியலூர்த் தலைவர் அருள்முருகன் அறிவித்தார். மண்டபமும் அவருடையதுதான். இல்லாத மாவட்டத்துக்கு இந்த இரண்டாயிரத்து ஆறு வரைக்கும் அவர்தான் தலைவர். லெட்டர்பேடுகூட அடித்து வைத்திருக்கிறார்.

விண்படகு என்பது எண்பத்தெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தில்லியிலிருந்து வந்த ஒரு இந்தித் தொடர். தெர்மோகோலில் செய்த கப்பல். வெள்ளிப் பெயின்ட் அடித்த சட்டை போட்ட கேப்டன். வாரத்துக்கு ஒரு கோளில் இறங்கி, அங்கே உள்ளவர்களுக்கு அவர்கள் கேட்காத நியாயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த கோளுக்குக் கிளம்பிவிடுவார். ரெட்டிபாளையம் தாண்டி ஒரு ஊரில், பஞ்சாயத்து டிவி முன்னால் சனம் முண்டியடிக்கும். அந்தக் கூட்டத்திலேயே இந்தி தெரிந்த ஒரே ஆள் கலைமணி. இந்தியில் முதல் பரீட்சை பாஸ் பண்ணி இரண்டாவதில் கோட்டை விட்டவர். டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கேப்டன் வாயைத் திறந்து மூடியதும் தமிழில் சொல்லுவார். கேப்டன் இரண்டு வார்த்தை பேசினால் கலைமணி இருபது வார்த்தை பேசுவார். இந்தி ரொம்பச் சுருக்கமான பாஷை என்று ஊர் நம்பியது. இன்றைக்குப் பேரவை 'மூலம், மூலம்' என்று கையெடுத்துக் கும்பிடுகிறதே, அது முழுக்க அந்த முக்காலியிலிருந்து வந்ததுதான்.

டிவி அறைக்குள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். காலனிக்காரர்கள் வெளியே, சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்று, கம்பி சன்னல் வழியாகப் பார்த்தார்கள். யாரும் யாரையும் வெளியே நிற்கச் சொன்னதில்லை என்று அருள்முருகன் மேடைக்கு மேடை சொல்லுவார். உண்மைதான். சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. பிற்பாடு பேரவை ஆரம்பித்தபோது, இந்தப் பழைய வித்தியாசத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு இரண்டு மரியாதையான பெயர்களை வைத்தார்கள். உள்ளே இருந்து பார்த்தவர் உள்ளரங்க உறுப்பினர். வெளியே இருந்து பார்த்தவர் வெளியரங்க உறுப்பினர். உள்ளரங்க உறுப்பினர் பேசுவார், கை தூக்குவார், பொன்னாடை வாங்கிக்கொள்வார். வெளியரங்க உறுப்பினர் நாற்காலி போடுவார்.

சாமிதுரை வெளியரங்க உறுப்பினர். சிமெண்ட் பாக்டரியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. லீவு நாளில் பேரவைக்கு ஜமக்காளம் விரிப்பார், கொடிக்கயிறு கட்டுவார், பழைய பஞ்சாயத்து டிவியைத் தூக்குவார். அந்த டிவி செத்துப் பல வருஷமாகிறது. பேரவை அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாலை போட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்வலம் விடும். பால் ஊற்றுவது தலைவர். துடைப்பது சாமிதுரை. இதெல்லாம் எதற்கு உனக்கு என்று அவர் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் கேட்டால், "எனக்கு அந்தக் கப்பலு புடிக்கும்டி," என்பார். அவ்வளவுதான். மனுசனுக்கு ஒன்று பிடித்துத் தொலைத்தால் அதற்காக என்னென்ன தூக்க வேண்டியிருக்கிறது!

அந்த வருஷம் ஒரு தனியார் சேனல் விண்படகைப் புதிதாக, தமிழிலேயே எடுக்கப்போவதாக விளம்பரம் வந்தது. பேரவையில் தேங்காய் உடைத்தார்கள். செத்த டிவிக்கு ஒரு குடம் பால். "நம்ம கனவு பலிச்சிடுச்சி," என்று அருள்முருகன் மைக்கில் அழுதார். முதல் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் பார்த்தார்கள். பாதியிலேயே உள்ளரங்கம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

கேப்டனுக்கு மீசை இல்லை. கப்பல் தெர்மோகோலில் இல்லை. நிஜ இரும்பு மாதிரி இருந்தது, அது மூலத்துக்குச் செய்த துரோகம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கேப்டனின் அம்மா உயிரோடு இருந்தாள். மூலத்தில் அவள் செத்துப்போய்விட்டாள். அம்மாவின் பிணத்தின் மேல் கைவைத்துக் கேப்டன் அரை மணி நேரம் சத்தியம் செய்ததைக் கலைமணி மொழிபெயர்த்து, ஊரே அழுதிருக்கிறது.

கலைமணி இப்போது பேரவையின் கொள்கை பரப்புச் செயலாளர். அவர் சேனலுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். பழைய தொடரின் பாகங்கள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன, அதில் கேப்டனுக்கு அம்மாவே வரவில்லை, நீங்கள் சொல்லுகிற பிணம் ஒரு கோளின் தூதர், தூங்கிக்கொண்டிருக்கிறார், கேப்டன் அவரை எழுப்புகிறார் என்றாள். கலைமணி போனை வைத்துவிட்டுப் பேரவைக்கு விஷயத்தை விளக்கினார்.

"ஆதாரத்தையே அழிச்சிட்டானுங்க," என்றார். "தில்லியில இருக்கற இந்தி வேற, நம்ம ஆண்டெனாவுல எறங்குன இந்தி வேற. நான் எங்காதால கேட்டு எவ்வாயால சொன்னேன். பொய்யா சொல்லுவேன்?"

பொய்யா சொல்லுவார் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள். ரத்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சேனலுக்கு மனு அனுப்புவது என்று முடிவாயிற்று. தலைவருக்குச் சுகர் இருந்ததால் அவர் மட்டும் சிவப்பு மையில் போட்டார். பிறகு பார்த்தால் எல்லோருக்குமே சுகர் இருந்தது. இதற்குள் பெரம்பலூர் பேரவை முந்திக்கொண்டு, புது பஸ் ஸ்டாண்டில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் போராட்டம் நடத்திப் பேப்பரில் போட்டோ வரவழைத்துவிட்டது. அருள்முருகனுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அவர்கள் காதைப் பொத்தினால் நாம் எதைப் பொத்துவது?

இந்த இடத்தில்தான் சாமிதுரை வீட்டுக்கு விண்படகு வந்து இறங்கியது.

சேனல்காரர்கள் சாம்பல் கோள் என்று ஒரு கோளைப் படம் பிடிக்க இடம் தேடி, கடைசியில் ரெட்டிபாளையம் பக்கத்தில் வேலை முடிந்து கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வந்தார்கள். அந்தக் குழிக்குள் நின்று பார்த்தால் பூமி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே பத்து தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே சில நாள் சந்தேகம் வரும். கோளின் சனங்களாக நிற்கக் காலனியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். கொளஞ்சியம்மாள் போனாள். அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மகள் வெற்றிச்செல்வி போனாள். அரியலூரில் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற பெண். டைரக்டர் அவளைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒரு வரி பேசச் சொன்னார். சாம்பல் கோளுக்கு ராணி கிடைத்துவிட்டாள்.

அடுத்த வாரப் பாகத்துக்கான விளம்பரத்தை டிவியில் போட்டார்கள். கேப்டன் கப்பலிலிருந்து இறங்குகிறார். பாறை மேல் ஒரு பெண் நிற்கிறாள். "இது எங்க மண்ணு. யாரக் கேட்டு எறங்குன?" என்கிறாள். கேப்டன் திகைத்து நிற்கிறார். அவ்வளவுதான். சாமிதுரை அதை மூன்று தரம் பார்த்தார், மூன்று தரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பெண், என் விண்படகில்! அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேரவையிலிருந்து அவசரப் பொதுக்குழு என்று ஆள் வந்தபோது, பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்றே நினைத்தார். பூந்திப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். தன் மகளுக்குப் பாராட்டுக் கூட்டம், அதற்குத் தானே ஜமக்காளம் விரிக்கிறோம் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அருள்முருகன் மைக்கைப் பிடித்தார்.

"பேரன்புமிக்க உள்ளரங்கப் பெருமக்களே! கதவாண்ட நிக்கிற வெளியரங்கத் தோழர்களே! எனக்கு அந்தப் பொண்ணு மேல தனிப்பட்ட முறையில எந்தக் கோவமும் கெடையாது. சொல்லப்போனா எங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்ட குடும்பம். அந்தப் பொண்ணோட தாத்தா எங்க கொல்லையில முந்திரிக்கொட்ட பொறுக்குனவரு. கஞ்சி ஊத்தும்போது எங்காத்தா ஒரு நாளும் மொகஞ்சுளிச்சதில்ல. அந்தப் பாசம் இன்னிக்கும் இருக்கு. ஆனா பாசம் வேற, ராணி வேற!"

கைதட்டல். சாமிதுரையும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். பாதியில்தான் கை நின்றது.

"நம்ம பேரவையில சாதி கெடையாது," என்று தலைவர் தொடர்ந்தார். "விண்வெளியில சாதி கெடையாது. அது சுத்தமான எடம். அதனாலதான் சொல்றேன், அங்கயும் கொண்டுபோயி இதையெல்லாம் சேக்காதீங்கன்னு!"

அடுத்தது கலைமணி. "மூலத்துல இந்த ராணி என்ன பண்ணுனா? கேப்டன் கால்ல வுழுந்தா. 'ஐயனே, அடியாள் பிழை பொறுத்தருள்க, இந்தக் கோளும் நானும் தங்கள் உடைமை' அப்படின்னா. நான்தான் சொன்னேன். இப்ப வந்து, யாரக் கேட்டு எறங்குனன்னு கேக்குறா. கேப்டனப் பாத்து கேக்குற கேள்வியா இது? அப்புறம், ராணின்னா ஒரு லட்சணம் வாணாமா? மூலத்துல ராணி வந்து நின்னா டிவியே வெளிச்சமாவும்!"

பஞ்சாயத்து டிவி கறுப்பு வெள்ளை. அதில் ராணி, கேப்டன், கப்பல் எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரிந்தன. இதை யாரும் கிளப்பவில்லை.

கதவோரத்திலிருந்து சாமிதுரை கையைத் தூக்கினார். வெளியரங்கம் கை தூக்குவது வழக்கமில்லை என்பதால் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஐயா, அது எம் பொண்ணுங்க."

"தெரியும் சாமிதொர," என்றார் தலைவர், ரொம்ப அன்பாக. "அதனாலதான் இந்த வேலைய ஒங்கிட்டயே குடுக்கறதுன்னு முடிவு பண்ணிருக்கோம். வெளியாளு செஞ்சா நல்லாருக்காது பாரு."

வேலை என்ன என்று செயலாளர் செந்தில்குமார் வாசித்தார். ராணி வருகிற பாகம் ஒளிபரப்பாவதற்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு முன்னால் சாம்பல் கோள் ராணியின் கொடும்பாவி எரிக்கப்படும். கழுத்தில் நடிகையின் பெயர் எழுதித் தொங்கவிடப்படும். கொடும்பாவி கட்டும் பொறுப்பு வெளியரங்க உறுப்பினர் சாமிதுரை. பறை, பாடை, மற்ற ஏற்பாடுகளும் வெளியரங்கமே.

"பெரம்பலூர்க்காரன் மாதிரி அரைகுறையா வேணாம்," என்று தலைவர் கையை உயர்த்தினார். "ரெண்டு டயரக் கொளுத்திட்டு ஓடிவர்றதுக்கு நாம என்ன அநாதையா? மழ இல்லாட்டி நம்ம பெரியவங்க கொடும்பாவி கட்டி இழுத்தாங்களே, அது மாதிரி நடக்கணும். பாட, பற, ஒப்பாரி, கொள்ளிச்சட்டி எல்லாம் இருக்கணும். ஒரு நெசமான சாவு எப்படி நடக்குமோ அப்படி, மொறப்படி நடக்கணும். கொள்ளி நான் வெக்கிறேன்! சாமிதொர, ஆளு தத்ரூபமா இருக்கட்டும். பொண்ணோட பழைய சேல ஒண்ணு எடுத்தாந்துடு."

ஏகமனதாக நிறைவேறியது. பூந்தியைச் செந்தில்குமார் வாங்கி உள்ளரங்கத்துக்கு விநியோகம் செய்தார். எதற்கு இனிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சாமிதுரை விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே கொளஞ்சியம்மாள் கையிலிருந்த அரிசி முறத்தை வீசி எறிந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கற புள்ளக்கி கொள்ளி வெப்பானுங்களா? அவனுங்க வூட்டுல பொம்பளப் புள்ளைங்க இல்ல? நாசமாப் போறவனுங்க! நீ என்னாய்யா பண்ணுன? அதையுங் கேட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு வந்தியா?"

"கைய தூக்குனன்டி."

"ஒங் கையில இடி வுழ! அந்தக் கைய ஓங்கி ஒண்ணு குடுத்துட்டு வந்தா என்னா?"

வெற்றிச்செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளம்பரம் வந்த நாளிலிருந்தே அவளுக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியவில்லை. "ராணி பஸ்ஸுக்கு நிக்கிறாங்கடா, எறங்கி வழி வுடுங்கடா" என்று மண்டபத்துப் பையன்கள் கத்துகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டு நின்றாள்.

"அதே எடத்துல என்னக் கொளுத்துனா, திங்கக்கெழம அங்க நான் எப்டிப்பா நிப்பேன்?" என்றாள். "அந்தச் சாம்பல மிதிச்சிக்கிட்டா பஸ் ஏறுவேன்? காலேஜே வேணாம்ப்பா எனக்கு."

சாமிதுரை மகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்தப் பசங்களுக்கு நாற்காலி தூக்கினோமே என்று தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. கட்டமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வேறு எவனையாவது விட்டுக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் வெறும் சேலையைச் சுருட்டிக் கொளுத்துவார்கள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தார்.

"நீ திங்கக்கெழம காலேஜுக்குப் போற," என்றார். "சேலையக் குடு. எவன் கொள்ளி வெக்கிறான்னு நான் பாக்கறேன்."

வெற்றிச்செல்வி உள்ளே போய், பழையதை எடுக்கவில்லை. தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கந்தல்ல எரிஞ்சான்னு இருக்க வாணாம்," என்றாள்.

சனிக்கிழமை வந்தது. ஏற்பாடுகள் எல்லாம் பிரமாதம். ஒப்பாரிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. காலனிப் பெண்களைக் கேட்டார்கள்; எங்க புள்ள கல்லு மாதிரி இருக்கு, ஒங்க தலைவரு போனா சொல்லுங்க, வந்து மாரடிக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேரவைக் குடும்பத்துப் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்து அழுவது கௌரவக் குறைச்சல். ஆகவே மைக்செட்டில் ஒப்பாரிக் கேசட் போட்டார்கள். மார்க்கெட் வரை நன்றாக அழுதது. அங்கே கேசட் தானாகத் திரும்பிக்கொண்டு மஞ்சள் நீராட்டுப் பாட்டுப் பாட ஆரம்பித்தது. மைக்செட்காரன் வண்டியில் முன்னால் போய்விட்டதால், பஸ் ஸ்டாண்டு வரை கொடும்பாவி சடங்கான பெண்ணாகவே ஊர்வலம் போனது. முன்னால் மூன்று சக்கர வண்டியில் செத்த டிவி. அதற்குப் பின்னால் பொன்னாடையோடு நிர்வாகிகள். பின்னால் செல்லமுத்துவின் பறை. செல்லமுத்து சாமிதுரைக்குப் பெரியப்பா மகன். கடைசியில் பாடை, பாடையில் அரக்குச் சேலை கட்டிய வைக்கோல் ராணி. சாமிதுரை நன்றாகத்தான் கட்டியிருந்தார். கழுத்தில் 'வெற்றிச்செல்வி' என்று செந்தில்குமார் தன் கடை கம்ப்யூட்டரில் அடித்த அட்டை. எழுத்துக்குப் பூப்போட்ட பார்டர் வேறு.

பஸ் ஸ்டாண்டு முன்னால் பாடையை இறக்கினார்கள். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கி வந்து நின்றார்கள். அருள்முருகன் அங்கே நிறுத்தி வைத்திருந்த ஒரு லாரி மேல் ஏறி மூலத்தின் பெருமையை முழங்கினார். இந்தத் தீ தில்லி வரை எரியும் என்றார். பிறகு போட்டோக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே பந்தத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

செல்லமுத்து பறையை நிறுத்தினார்.

"கொள்ளி வெக்கிறவங்க மொறையச் சொல்லிட்டு முன்னால வாங்க," என்றார்.

அருள்முருகன் சிரித்தார். "என்னாய்யா மொற? நான்தான் தலைவரு."

"அது மொற இல்லீங்களே. பொணத்துக்கு நீங்க அப்பனா, சித்தப்பனா, அண்ணன் தம்பியா? அதச் சொன்னாத்தான் நாங்க மேக்கொண்டு அடிக்க முடியும்."

இது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொள்ளி வைக்கிறவன் அந்த வீட்டு ஆள். வெளியாள் வைத்தால், வைத்த நிமிஷத்திலிருந்து அவனும் அந்த வீட்டு ஆள். பங்காளித் தீட்டு அவனுக்கும் உண்டு. மழைக்காகக் கொடும்பாவி கட்டினால்கூட யாரோ ஒருத்தன் மீசையை எடுத்துத் தலைமுழுகத்தான் வேண்டும். பேரவையில் இது தெரியாதவர் எவரும் இல்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். எப்போதும் அந்த வேலைகள் எல்லாம் வேறு யாரோ செய்வதுதானே!

"வெளையாடாத செல்லமுத்து. இது வைக்கோலுய்யா," என்றார் தலைவர்.

சாமிதுரை பாடையின் தலைமாட்டிலிருந்து எழுந்தார். குரல் நடுங்கவில்லை.

"வைக்கோலுக்கு எம் பொண்ணு பேர எழுதிக் கட்டுனது நீங்கதானுங்க. நெசமான சாவு மாதிரி மொறப்படி நடக்கணும்னு மைக்குல சொன்னதும் நீங்கதானுங்க. கதவாண்ட நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வெய்ங்க. நல்லா வெய்ங்க. வெச்சிட்டு நேரா எங்க வூட்டுக்கு வாங்க. எம் பொண்டாட்டி கொடத்துல தண்ணி மொண்டு வெச்சிக்கிட்டு நிக்கிறா, தல முழுவணும். மீசைய எடுக்கணும். காரியம் முடியிற மட்டும் எங்க வூட்டுலதான் படுக்க, எங்க சட்டிச் சோறுதான். அதுக்கப்பறம் எங்க வூட்டு நல்லது கெட்டதுல நீங்க வந்து நிக்கணும், ஒங்க வூட்டு நல்லது கெட்டதுல நாங்க வந்து நிப்போம். எங்களுக்குச் சம்மதங்க. வாங்க பங்காளி!"

நடு பஸ் ஸ்டாண்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், பங்காளி என்று கூப்பிட்டுவிட்டார். வாழைப்பழம் விற்கிற பஞ்சவர்ணம் வாயில் முந்தானையை வைத்து அமுக்கியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

அருள்முருகன் பந்தத்தைப் பார்த்தார். பிறகு, "செந்தில், செயலாளருங்கற முறையில நீங்க வெய்ங்க," என்று கொடுத்தார். செந்தில்குமார் அதை வாங்கிய வேகத்தில் பொருளாளரிடம் கொடுத்தார்; தனக்குத் தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறது, தீட்டு ஆகாது என்றார். பொருளாளர் கணக்குப் பார்ப்பதோடு தன் கடமை முடிந்தது என்று கலைமணியிடம் நீட்டினார். கலைமணி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் கொள்கை பரப்பறதோட சரி," என்றார். தீ எரிந்து தில்லி வரைக்கும் போக வேண்டியது, பொன்னாடைகளுக்கு நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் எண்ணெய் கையில் வடிய, மறுபடியும் தலைவரிடமே வந்து சேர்ந்தது. ஒரு பெண்ணைக் கொளுத்த இத்தனை பேர் கிளம்பி வந்தார்கள். அவளுக்கு அண்ணன் என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தன் இல்லை.

அருள்முருகனுக்கு வேர்த்துக் கொட்டியது. திடீரென்று அவர் முகம் தெளிந்தது. ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட ஆளாகச் சொன்னார்:

"அப்ப நீயே வெய்யி சாமிதொர! நீதான அப்பன்? ஒனக்குத்தான மொற! புடி, வெய்யி."

பஞ்சவர்ணம் சிரிப்பதை நிறுத்தினாள். இதைச் சொல்லக்கூடாது என்று உள்ளரங்கத்தில் இரண்டொருவருக்குத் தோன்றியிருக்கலாம். அவர்கள் செருப்பைப் பார்த்தார்கள். அருள்முருகன் மட்டும் பந்தத்தை நீட்டியபடி நின்றார். தான் என்ன சொன்னோம் என்று அந்த மனுசனுக்கு அப்போதும் தெரியவில்லை.

சாமிதுரை பந்தத்தை வாங்கினார். நடந்து போய் டீக்கடை வாசலில் கிளாஸ் கழுவுகிற வாளிக்குள் அதைச் சொருகினார். சுர்ரென்று புகை வந்தது. திரும்பி வந்து, பாடையிலிருந்து கொடும்பாவியைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்த அட்டையைப் பிய்த்துத் தலைவரின் காலடியில் எறிந்தார்.

"எம் பொண்ணு உசுரோட இருக்கா," என்றார். "திங்கக்கெழம இதே எடத்துல பஸ்ஸுக்கு நிப்பா. பாட சும்மாத்தான் கெடக்கு. கட்டியாச்சி, பற வந்தாச்சி, போட்டோக்காரனும் நிக்கிறான். பேரவையில யாராச்சும் ஏறிப் படுக்கறீங்களா?"

செல்லமுத்து பதிலுக்குக் காத்திருக்காமல் பறையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முன்வரிசைப் பொன்னாடைகள் நாலடி பின்னால் போயின. நன்றியுரை சொல்லாமல் மைக்கை விட்டு இறங்கியதே இல்லை என்று பேர் வாங்கிய அருள்முருகன், யாரோ ஒருத்தருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போய்விட்டார். செத்த டிவி மட்டும் மூன்று சக்கர வண்டியில் தனியாக நின்றது. அதைத் தூக்க அன்றைக்கு ஆள் இல்லை.

சாமிதுரை ரெட்டிபாளையம் ரோட்டில் நடந்தே வீட்டுக்குப் போனார். எதிரே வந்த லாரிக்காரர்கள் சேலை கட்டிய வைக்கோலைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆளை எட்டிப் பார்த்தார்கள். வெற்றிச்செல்வி ரோட்டு முனை வரை வந்து நின்றிருந்தாள்.

"எரிக்கலியாப்பா?"

"இல்ல."

"ஏன்? போலீசு வந்துடுச்சா?"

"அதெல்லாம் வல்ல. கொள்ளி வெக்க ஆளு கெடைக்கல."

"அத்தன பேரு போனாங்களே?"

"போனானுங்க. ஒன்னயக் கொளுத்தறதுன்னா எல்லாப் பயலும் வருவான்," என்றார் சாமிதுரை. குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒனக்குச் சொந்தமாவணும்னா ஒருத்தனும் வரமாட்டான்."

வெற்றிச்செல்வி அவர் தோளிலிருந்து கொடும்பாவியை வாங்கினாள். முடிச்சுகளை அவிழ்த்துச் சேலையை உருவினாள். ரோட்டோரத்தில் நின்று இரண்டு கையாலும் பிடித்து உதறினாள். தூசும் வைக்கோலும் பறந்தன. திரும்ப உதறினாள். கடைசி வைக்கோல் விழும் வரைக்கும் உதறிக்கொண்டே இருந்தாள்.